கொத்தனார் கூலியும் பத்திரிகை தர்மமும்

சென்ற மாதம் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் நகரசபையைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வரி வருமானம், செலவு, கணக்குத் தணிக்கை, பத்திரிகைகளின் கடமை முதலியவற்றையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி சொல்லி முடித்தேன். அப்போது கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஸார், பத்திரிகையில் போட்டுவிட்டால் திருட்டு நின்றுவிடுமா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 'நின்றுவிடும்' என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். 'நிற்காது' என்று சொன்னாலோ, அதுவரை நடத்திய பாடமெல்லாம் வீண் என்று ஒப்புக்கொண்டவனாவேன். நல்லவேளையாக மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. மறுநாள் அந்தப் பையனுக்குப் பதிலாக ஒரு வரலாறு சொன்னேன். அது அமெரிக்கா தேசத்தில் நியூயார்க் நகரத்தில் சுமார் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் நடந்தது. பெரியவர்களும் கேட்க வேண்டிய விஷயம் என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

நாற்காலி செய்தவரின் மகன்

வில்லியம் ட்வீட் என்பவர் 1823ஆம் வருஷம் நியூயார்க்கில் பிறந்தார். தகப்பனார் நாற்காலி செய்து விற்பவர். பையனும் அந்தத் தொழிலைத்தான் கற்றுக்கொண்டான். ஆனால் அவனுக்கு உண்மையில் பிடித்த விஷயம் தெருவில் நாலு பேரோடு சேர்ந்திருப்பது. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் வீடு தீப்பிடித்தால் அணைப்பதற்குத் தெருவுக்குத் தெரு வாலிபர்கள் தொண்டர் படை வைத்திருந்தார்கள். ட்வீட் அப்படி ஒரு படைக்குத் தலைவரானார். தீயணைக்கும் இயந்திரத்தின்மேல் ஒரு புலித் தலையைச் சித்திரமாகத் தீட்டியிருந்தார்கள். அந்தப் புலி பிற்காலத்தில் அவரையே கடிக்கப்போகிறது என்று அப்போது யார் கண்டார்கள்?

தெருவில் செல்வாக்குள்ள வாலிபனை அரசியல் கட்சிகள் விட்டு வைக்குமா? 1851ஆம் வருஷம் ட்வீட் நகரசபை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபைக்கு ஊர் ஜனங்கள் இட்ட பெயர் 'நாற்பது திருடர்கள்'. அலிபாபா கதை அமெரிக்காவிலும் பிரசித்தம் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? பிறகு இரண்டு வருஷம் அமெரிக்கக் காங்கிரஸில் இருந்தார். அங்கே அவருக்குப் பொழுது போகவில்லை. தேசத்துக்குச் சட்டம் செய்வதைவிட ஊருக்குச் சாக்கடை வெட்டுவதில்தான் பணம் இருக்கிறது என்று கண்டுகொண்டு ஊருக்கே திரும்பினார்.

நியூயார்க்கில் 'டாமனி ஹால்' என்று ஒரு சங்கம் இருந்தது. 1789இல் தோன்றிய அது நாளடைவில் டெமாக்ரடிக் கட்சியின் உள்ளூர்க் கோட்டையாகிவிட்டது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஏழை ஜனங்களுக்கு அந்த ஊரில் நாதி இல்லை. வேலைக்கும், வாடகைக்கும், குளிர்காலத்தில் அடுப்பெரிக்க நிலக்கரிக்கும் அவர்கள் டாமனி ஹாலைத்தான் நாடினார்கள். பதிலுக்கு டாமனி கேட்டது ஒரு வோட்டு; அவ்வளவே. 1860ஆம் வருஷங்களின் நடுவில் ட்வீட் இந்தச் சங்கத்தின் தலைவர் ஸ்தானத்தை அடைந்தார்.

அவர் கல்நெஞ்சர் என்று எண்ணிவிட வேண்டாம். 1870ஆம் வருஷக் குளிர்காலத்தில் தம்முடைய வட்டாரத்து ஏழைகளுக்காக ஐம்பதாயிரம் டாலர் தானம் செய்தார். வாங்கிய கைகள் அவரை வாழ்த்தின. அந்தப் பணம் தங்கள் நகரத்தின் கஜானாவிலிருந்தே வந்தது என்பதை அந்த ஏழைகள் எப்படி அறிவார்கள்?

ஒரு கோர்ட்டுக் கட்டிடத்தின் கதை

ட்வீட்டுடன் மூன்று கனவான்கள் சேர்ந்தார்கள். ஒருவர் நகரத்தின் மேயர் ஓக்கி ஹால். இன்னொருவர் கஜானாக் கணக்குகளுக்கு அதிகாரியான ரிச்சர்டு கனோலி. மூன்றாமவர் பீட்டர் ஸ்வீனி என்னும் வக்கீல், யோசனை சொல்லுவதில் சமர்த்தர். இந்த நால்வரையும் 'ட்வீட் வளையம்' என்று சரித்திரத்தில் சொல்லுகிறார்கள்.

அவர்கள் கையாண்ட முறை மிகவும் எளிது. நகரத்துக்கு ஒரு வேலை நடக்கிறது. கண்டிராக்டர் பில் கொடுக்கிறார். நியாயமான தொகை நூறு டாலர் என்றால் பில்லில் பல மடங்கு எழுதச் சொல்லுவார்கள். கஜானாவிலிருந்து பணம் வெளியே வந்ததும் கண்டிராக்டருக்கு ஒரு பங்கு, வளையத்தாருக்கு ஒரு பங்கு. ஆரம்பத்தில் வளையத்தாரின் பங்கு சொற்பமாக இருந்தது. வரவரப் பசி அதிகமாகி, கடைசியில் நூற்றுக்கு அறுபத்தைந்து வரை வந்துவிட்டதாகப் பிற்காலத்தில் ட்வீட்டே வாக்குமூலம் கொடுத்தார்.

சேம்பர்ஸ் தெருவில் ஒரு கோர்ட்டுக் கட்டிடம் கட்ட வேண்டும் என்று தீர்மானமாகி, 1861ஆம் வருஷம் வேலை ஆரம்பமாயிற்று. சட்டத்தில் அநுமதித்த செலவு இரண்டரை லட்சம் டாலர். பத்து வருஷம் கழிந்தது, கட்டிடம் முடியவில்லை, செலவு மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா 1867ஆம் வருஷம் அலாஸ்கா என்ற மாபெரும் பிரதேசத்தை ருஷியாவிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதற்குக் கொடுத்த விலை 72 லட்சம் டாலர்தான்! ஒரு ராஜ்யத்தின் விலையைக் காட்டிலும் ஒரு கட்டிடத்தின் விலை அதிகமாகிவிட்டது.

எப்படி அதிகமாயிற்று? பதினொரு உஷ்ணமானிகள் வாங்கியதற்கு 7,500 டாலர். மரவேலை அதிகம் இல்லாத கட்டிடத்தில் ஒரு தச்சருக்கு ஒரு மாத வேலைக்கு மூன்றரை லட்சம் டாலருக்கு மேல். சுவருக்குப் பூச்சு வேலை செய்த கார்வி என்ற கண்டிராக்டருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர்!

வீடு கட்டியவர்களுக்குக் கொத்தனார் கூலி தெரியும். கட்டாதவர்களுக்கும் கட்டினவர்கள் புலம்பக் கேட்டுத் தெரியும். இரண்டு நாள் பூச்சு வேலைக்கு லட்சத்துக்கு மேல் கூலி என்றால் அந்தச் சுவரில் சுண்ணாம்புக்குப் பதில் பொன்னை அல்லவா குழைத்துப் பூசியிருக்க வேண்டும்?

1870ஆம் வருஷம் நகர நிர்வாகத்துக்கு ஒரு புதிய சாஸனம் வந்தது. அதைச் சட்டசபையில் நிறைவேற்றுவதற்காக ட்வீட் லட்சக்கணக்கான டாலர் லஞ்சமாக இறைத்தார். புதிய சாஸனத்தின்படி பில்களைப் பரிசீலனை செய்து பாஸ் செய்யும் அதிகாரம் மூன்று பேருக்கு வந்தது. அம்மூவர் யார் என்றால், ட்வீட், ஹால், கனோலி! பாலுக்குக் காவலாகப் பூனைகளை வைத்தாற்போலாயிற்று. ஒரே கூட்டத்தில் அறுபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட பில்களுக்கு அநுமதி கொடுத்தார்கள். அவற்றை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பத்திரிகைகள் எங்கே போயின?

இந்த இடத்தில் என் மாணவன் மறுபடியும் எழுந்தான். "ஸார், அந்த ஊரில் பத்திரிகையே கிடையாதா?" என்றான். நல்ல கேள்வி. நியூயார்க்கில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் வருபவை, மாலையில் வருபவை, வாரம் ஒரு முறை வருபவை, ஜெர்மன் பாஷையில் வருபவை என்று ஏராளமாக இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மௌனவிரதம் பூண்டிருந்தன.

அந்த மௌனத்துக்கு விலை உண்டு. நகரசபையின் அறிக்கைகள், டெண்டர் நோட்டீஸுகள், நடவடிக்கைக் குறிப்புகள் இவற்றையெல்லாம் பத்திரிகைகளில் விளம்பரமாக வெளியிட வேண்டும் என்பது விதி. எந்தப் பத்திரிகைக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர்கள் வளையத்தார். வாயை மூடிக்கொண்டிருக்கும் பத்திரிகைக்கு விளம்பரம் குவியும். வாயைத் திறந்தால் விளம்பரம் நிற்கும். பழைய பாக்கியும் நிற்கும். நகரசபைச் செய்திகளைச் சேகரிக்க வரும் நிருபர்களுக்கோ கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இனாம் உண்டு. லஞ்சம் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. விளம்பரக் கட்டணம், பண்டிகை இனாம் என்று மரியாதையான பெயர்கள் இருக்கும்போது அநாகரிகமான வார்த்தை எதற்கு?

இது போதாதென்று ட்வீட் தாமே அச்சுத் தொழிலில் இறங்கினார். 'டிரான்ஸ்கிரிப்ட்' என்று ஒரு பத்திரிகை அவர் வசத்தில் இருந்தது. அதை விரும்பி வாங்கியவர்கள் சொற்பம். ஆனாலும் நகரத்தின் விளம்பரப் பணம் அதில் வெள்ளமாகப் பாய்ந்தது. 'நியூயார்க் பிரிண்டிங் கம்பெனி' என்ற அச்சுக்கூடமும் அவருடையது. நகரத்துக்கு வேண்டிய அச்சு வேலையெல்லாம் அங்கேதான். அதிகாரிகளின் தயவை நாடிய ரயில்வேக் கம்பெனிகளும் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் அச்சு வேலையை அங்கே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தெரிந்துகொண்டன.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். வரி கொடுக்கும் பிரஜையின் பணத்தைத் திருடுகிறார்கள். அந்தத் திருட்டை அவன் காதில் போடாமலிருப்பதற்குப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் கூலியும் அவன் பணமே. வீட்டில் கன்னம் வைத்தவன், நாயின் வாயை அடைக்க அந்த வீட்டுச் சோற்றையே எடுத்துப் போட்டதற்கு இது சமானம்.

கடைசியில் இந்த வளையத்தை எதிர்த்துக் கிளம்பிய பத்திரிகை 'நியூயார்க் டைம்ஸ்'. ஆனால் அதன் பெருமையைப் பாடுவதற்குமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெகு காலம் அதுவும் பேசாமல்தான் இருந்தது. அதன் டைரக்டர்களில் ஒருவரான ஜேம்ஸ் டெய்லர் என்பவர் மேற்படி பிரிண்டிங் கம்பெனியில் ட்வீட்டின் கூட்டாளி. அவர் 1870ஆம் வருஷம் செப்டம்பரில் காலமானார். அதற்குப் பிறகுதான் 'டைம்ஸ்' வாயைத் திறந்தது. நல்ல பத்திரிகைக்கும் கழுத்தில் ஒரு கயிறு இருக்கக்கூடும். அது அறுந்த பிறகே குரல் வரும் என்பதற்கு இது உதாரணம்.

பத்திரிகையின் சொந்தக்காரர் ஜார்ஜ் ஜோன்ஸ். பத்திராதிபர் ஜெனிங்ஸ் என்ற ஆங்கிலேயர். மாதக்கணக்கில் அவர்கள் தலையங்கமாகத் தாக்கினார்கள். "திருடர்கள்" என்றார்கள், "கணக்கைக் காட்டு" என்றார்கள். என்ன பிரயோஜனம்? கையில் ஆதாரம் கிடையாது. மற்றப் பத்திரிகைகள் நகைத்தன. எதிர்க்கட்சிப் பத்திரிகையின் வயிற்றெரிச்சல் என்றார்கள். வளையத்தார் ஒரு படி மேலே சென்றார்கள். 1870 நவம்பரில் தேர்தல் நெருங்கிய சமயம், கோடீசுவரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் முதலான ஆறு பெரிய மனிதர்களை அழைத்துக் கணக்குப் புத்தகங்களைக் காட்டினார்கள். அவர்களும் பார்த்துவிட்டு, கணக்குகள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன என்று நற்சாட்சிப் பத்திரம் அளித்தார்கள். வளையத்தார் தேர்தலில் வெற்றி பெற்றார்கள். பணக்காரனுடைய கையெழுத்தின் முன் பத்திரிகையின் நூறு தலையங்கங்கள் தவிடுபொடியாயின.

கணக்கு வெளிவந்த கதை

1871 ஜனவரியில் பனிச்சறுக்கு வண்டி விபத்து ஒன்றில் வாட்ஸன் என்பவர் அடிபட்டு, சில நாட்களில் இறந்துபோனார். கள்ளக் கணக்குகளையெல்லாம் பராமரித்து வந்தவர் அவர். காலியான இடங்களில் புதிய கணக்கர்கள் வந்தார்கள். ஓரூர்க் என்ற குமாஸ்தா புத்தகங்களைப் புரட்டினார். கண்டதைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். இன்னொரு பக்கம், ஓபிரையன் என்ற முன்னாள் ஷெரீப், நகரத்திலிருந்து தமக்குப் பெரும் தொகை வர வேண்டும் என்று கேட்டு ஏமாந்தவர், தம் ஆள் ஒருவரைக் கணக்கு இலாகாவில் புகுத்திப் பிரதிகள் எடுத்தார். இவருடைய நோக்கம் தேச சேவை அல்ல. பங்கு கிடைக்காத கோபம். எப்படியானால் என்ன? பிரதிகள் 'டைம்ஸ்' காரியாலயத்தை வந்தடைந்தன.

செய்தி கசிந்தது. கனோலி, ஜோன்ஸை ஒரு வக்கீல் வீட்டில் சந்தித்தார். பிரசுரம் செய்யாமலிருந்தால் ஐம்பது லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். சைத்தான்கூடத் தமக்கு இதைவிட அதிக விலை கூறமாட்டான் என்று ஜோன்ஸ் சொல்லிவிட்டு எழுந்து வந்தாராம். விலைக்கு வராத மனிதரின் பத்திரிகையையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று முயற்சி நடந்தது. காலஞ்சென்ற ஸ்தாபகர் ரேமண்டின் குடும்பத்தாரிடமிருந்த பங்குகள் வளையத்தாரிடம் போய்ச் சேராமல், மார்கன் என்ற பங்குதாரர் அவற்றை வாங்கிப் பத்திரிகையைக் காப்பாற்றினார். பத்திரிகைக் கட்டிடம் நிற்கும் மனையின் உரிமை செல்லாது என்றும் ஒரு மிரட்டல் வந்தது.

1871 ஜூலை 22ஆந் தேதி முதல் கணக்குகள் வரிவரியாக வெளிவந்தன. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எவ்வளவு டாலர் என்று பட்டியல். ஜூலைக் கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து ஆங்கிலத்திலும் ஜெர்மன் பாஷையிலும் அநுபந்தமாக அச்சிட்டார்கள். கார்விக்கு மொத்தம் கொடுத்தது 28,70,464 டாலர் 6 ஸென்ட் என்று கண்டிருந்தது. அந்த ஆறு ஸென்டையாவது தர்மத்துக்குக் கொடுக்கலாமே என்று 'டைம்ஸ்' பரிகாசம் செய்தது.

வாசகர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. பத்து மாதம் "திருடன், திருடன்" என்று கூவியபோது அசையாத நகரம், கொத்தனார் கூலியைக் கண்டதும் அசைந்தது. கோடிக் கணக்குப் பணம் என்றால் சாதாரண மனிதனுக்குப் புரிவதில்லை; அது ஆகாயத்தில் உள்ள நட்சத்திரக் கணக்கு. ஆனால் இரண்டு நாள் பூச்சு வேலைக்கு என்ன கூலி என்பது ஒவ்வொரு குடும்பஸ்தனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாவிட்டாலும் அவன் மனைவிக்குத் தெரியும்.

எழுத்தறியாதவர் பார்த்த பத்திரிகை

எண்களைப் படிக்கத் தெரியாதவர்கள் கதி என்ன? அவர்களுக்காக ஒரு சித்திரக்காரர் இருந்தார். தாமஸ் நாஸ்ட் என்பவர் ஜெர்மனியில் பிறந்து, ஆறு வயதில் நியூயார்க்குக்கு வந்தவர். 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்ற படப் பத்திரிகையில் விகடச் சித்திரம் போட்டு வந்தார். 'டைம்ஸ்' வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தூரிகையை எடுத்துவிட்டார். பெரிய தொந்தி, சட்டை மார்பில் பளபளக்கும் வைரம், முகத்தில் அலட்சியச் சிரிப்பு; பார்த்தவுடன் ட்வீட் என்று குழந்தையும் சொல்லும். 1871 ஆகஸ்டு 19ஆந் தேதி வந்த சித்திரத்தில் வளையத்தாரும் கண்டிராக்டர்களும் வட்டமாக நிற்கிறார்கள். ஜனங்களின் பணத்தைத் திருடியது யார் என்பது கேள்வி. ஒவ்வொருவனும் தனக்கு அடுத்தவனைக் கட்டைவிரலால் காட்டுகிறான்! வட்டத்துக்கு முடிவு ஏது?

பத்திரிகைகள் எழுதுவதைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை, தம்முடைய வோட்டர்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பாழும் படங்களை அவர்கள் பார்க்கிறார்களே என்று ட்வீட் அங்கலாய்த்ததாகச் சொல்லுவார்கள். ஐரோப்பாவுக்குப் போய்ச் சித்திரக்கலை பயில்வதற்கென்று நாஸ்டுக்கு ஒரு லட்சம் டாலர் 'உதவி' செய்ய ஒருவர் வந்தாராம். பேரம் ஐந்து லட்சம் வரை ஏறிற்று. நாஸ்ட் மறுத்துவிட்டார். பள்ளிக்கூட உபாத்தியாயனாகிய எனக்கு மறக்க முடியாத விஷயம் மற்றொன்று. ஹார்ப்பர் கம்பெனி பள்ளிப் பாடப் புத்தகங்களும் வெளியிட்டு வந்தது. நாஸ்டின் சித்திரங்களுக்குத் தண்டனையாக அந்தப் புத்தகங்களை நகரத்தின் பள்ளிகளிலிருந்து விலக்கச் செய்தார்கள். சித்திரம் போட்டவர் செய்த குற்றத்துக்குக் குழந்தைகளின் புத்தகம் சிறை சென்றது!

நாஸ்டிடமும் குறை உண்டு. கத்தோலிக்கர்களிடத்திலும் ஐரிஷ்காரர்களிடத்திலும் அவருக்கு இருந்த துவேஷம் அவருடைய சித்திரங்களில் வெளிப்படையாகத் தெரியும். அதே வருஷம் செப்டம்பர் 30ஆந் தேதி வந்த ஒரு சித்திரத்துக்கு 'அமெரிக்கக் கங்கை நதி' என்று பெயர். அதில் பாதிரிமார்களின் தொப்பிகளே வாயாகத் திறந்த முதலைகள் கரையேறிப் பள்ளிக் குழந்தைகளை நோக்கி ஊர்ந்து வருகின்றன. இந்துக்கள் குழந்தைகளைக் கங்கையில் முதலைக்கு எறிகிறார்கள் என்று அந்நாளில் மேல்நாட்டில் பரப்பப்பட்ட கதையை நினைத்துக்கொண்டு போட்டது அது. ஒரே சித்திரத்தில் அயல் மதத்தாரையும் நம் புண்ணிய நதியையும் சேர்த்து இழிவுபடுத்திவிட்டார். திருடனைக் கண்டுபிடித்தவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. கணக்கை நம்பலாம்; துவேஷத்தை நம்ப வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வாசகரின் பொறுப்பு.

வலை இறுகியது

1871 செப்டம்பர் 4ஆந் தேதி கூப்பர் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியது. எழுபது பேர் கொண்ட கமிட்டி ஒன்று ஏற்பட்டது. சில நாட்களில் கனோலியின் காரியாலயத்திலிருந்து செலவுச் சீட்டுகள் திருட்டுப் போயின! திருடர்கள் தங்களிடத்திலேயே திருடிக்கொண்ட அதிசயத்தைக் கண்டு ஊர் சிரித்தது. சீட்டு போனால் என்ன? சாமுவேல் டில்டன் என்ற வக்கீல், ட்வீட்டின் கட்சியையே சேர்ந்தவர், பாங்கிக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கஜானாவிலிருந்து கண்டிராக்டருக்குப் போன பணம் அங்கிருந்து யார் கணக்கில் ஏறிற்று என்பதைத் தேதிவாரியாகக் காட்டினார்.

தேர்தலுக்குச் சற்று முன் நாஸ்ட் ஒரு சித்திரம் போட்டார். ரோமாபுரிக் காட்சி மைதானத்தில் ஒரு புலி, குடியரசு என்னும் பெண்ணின்மேல் பாய்ந்து நிற்கிறது. மேலே சிங்காதனத்தில் ட்வீட். பழைய தீயணைப்பு இயந்திரத்தின் புலிதான் அது. நவம்பர் 7ஆந் தேதித் தேர்தலில் வளையத்தார் படுதோல்வி அடைந்தனர். ட்வீட் மட்டும் தம் தொகுதியில் ஜயித்தார். நிலக்கரியின் நன்றி அவ்வளவு எளிதில் மறையுமா?

1873ஆம் வருஷம் இரண்டாவது விசாரணையில் ட்வீட்டின்மீது 204 குற்றங்கள் ருஜுவாயின. பன்னிரண்டு வருஷத் தண்டனை, அப்பீலில் ஒரு வருஷமாயிற்று. வெளியே வந்ததும், திருடிய பணத்துக்காக சர்க்கார் போட்ட சிவில் வழக்கில் மறுபடி உள்ளே போனார். 1875 டிஸம்பரில் தப்பி ஓடினார். கியூபா வழியாக ஸ்பெயின் தேசம் சென்றார். அங்கே அவரை அடையாளம் காட்டியது எது தெரியுமா? நாஸ்டின் சித்திரம்! அதில் ட்வீட் இரண்டு சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்த ஸ்பானிய அதிகாரிகள் அவரைக் குழந்தை திருடுபவன் என்று எண்ணியதாகச் சொல்லுவார்கள். அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ட்வீட், விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். விடுதலை கிடைக்கவில்லை. 1878 ஏப்ரல் 12ஆந் தேதி சிறையிலேயே மாண்டார்.

மற்றவர்கள்? மேயர் ஹால் வழக்கிலிருந்து விடுதலையானார். கனோலி வெளிநாட்டுக்கு ஓடி, அங்கேயே இறந்தார். கொள்ளை போன பணம் எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் இன்னும் விவாதம் செய்கிறார்கள். மிகக் குறைவாகச் சொல்லுபவர்களும் இரண்டு கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். திரும்பி வந்ததோ சொற்பம். நகர விளம்பரத்தையே உணவாகக் கொண்டிருந்த பத்திரிகைகள் பலவும், அது நின்றதும் கண்ணை மூடின.

பையனுக்குச் சொன்ன பதில்

"அப்படியானால் திருட்டு நின்றுவிட்டதா, ஸார்?" என்று பையன் விடாமல் கேட்டான்.

இல்லை. டாமனி ஹால் சாகவில்லை. புதிய தலைவர்கள் வந்தார்கள். இன்னும் சாமர்த்தியமான முறைகளைக் கண்டுபிடித்தார்கள். 1933ஆம் வருஷத் தேர்தலில் லாகார்டியா மேயரான பிறகுதான் அந்தக் கோட்டை சரியத் தொடங்கியது. பத்திரிகையில் போட்டுவிட்டால் திருட்டு நின்றுவிடாது. வீட்டை ஒரு முறை பெருக்கிவிட்டால் ஆயுள் முழுவதும் குப்பை சேராமலிருக்குமா? ஆனால், பெருக்காத வீட்டில் யாராவது வசிக்க முடியுமா?

பையனிடம் மூன்று விஷயங்களைச் சொன்னேன். முதலாவது: ஒரு பத்திரிகை எதை எழுதுகிறது என்று பார்ப்பது போலவே, எதை எழுதவில்லை என்றும் பார். பிறகு அதன் விளம்பரங்களைப் பார். மௌனத்தின் காரணம் பல சமயங்களில் அடுத்த பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். இரண்டாவது: பெரிய மனிதர்களின் நற்சாட்சிப் பத்திரத்தைவிடச் சிறிய குமாஸ்தாவின் கணக்குப் பிரதி பெரியது. வசைமொழியைவிடக் கூலிக் கணக்குக் கூர்மையானது. மூன்றாவது: நாம் காசு கொடுத்து வாங்காத பத்திரிகையை வேறு யாரோ வாங்கிவிடுவார்கள். ஜோன்ஸ் ஐம்பது லட்சத்தை மறுத்ததற்கு அவருடைய நேர்மை காரணம். மறுத்த பிறகும் அவருடைய பத்திரிகை பிழைத்திருந்ததற்கு, தினந்தோறும் சில ஸென்டுகள் கொடுத்து அதை வாங்கிய குடும்பஸ்தர்கள் காரணம்.

மேற்படி கோர்ட்டுக் கட்டிடம் ஒருவாறு 1881ஆம் வருஷம் கட்டி முடிந்தது. பார்க்க அழகான கட்டிடம். ட்வீட்டின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். 2002ஆம் வருஷத்தில் நகரத்தின் கல்வி இலாகா அதில் குடியேறியது. ஒரு காலத்தில் ஹார்ப்பரின் பாடப் புத்தகங்களை எந்தப் பள்ளிகளிலிருந்து விரட்டினார்களோ, அந்தப் பள்ளிகளின் நிர்வாகத்துக்கு அந்தத் திருட்டுக் கட்டிடமே வீடாயிற்று. பூச்சு வேலைக்குக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகந்தான். ஆனால் அங்கே படிக்கும் குழந்தைகளுக்கு அதன் கதையையும் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பணத்தில் ஆறு ஸென்டாவது தர்மத்துக்குப் போயிற்று என்று நாம் திருப்தி அடையலாம்.